வெறுந்தண்ணி மேடம்

எங்கள் துறையில் அவளுக்கு வெறுந்தண்ணி மேடம் என்று பெயர். வைத்தவன் நான்தான். சொந்தப் பெயரும் நல்ல பெயர், ஆனால் அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினேன் என்று தெரிந்தால், "என் பேரப் போடாமச் சொன்னா இதே கதைய ஆளுக நம்புவாங்களான்னு முதல்ல பாத்தீங்களாண்ணே?" என்று கேட்பாள். அப்படிக் கேட்கிற பிறவி அவள்.

நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். முப்பத்திரண்டு வருடம் குடுவை கழுவியிருக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு வந்து போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். வரும்போது எல்லோரும் ஊரையே மாற்றப்போகிறவர்கள் மாதிரி வருவார்கள். மூன்றாம் வருடம் கல்யாணப் பத்திரிகை வரும், நாலாம் வருடம் ஆளே வர மாட்டார்கள். அவளும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

வந்த முதல் வாரத்தில் என்னிடம் ஏழு கண்ணாடிக் குப்பி கேட்டாள். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி ஒன்றையும் கேட்டாள். பெட்டிக்கு உள்ளே கறுப்புச் சார்ட் ஒட்டி, பக்கத்தில் கண் வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை போட்டாள். கடைவீதியில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருப்பார்களே, புற ஊதா டார்ச், அதில் ஒன்றை வாங்கி வந்தாள். ஆறு குப்பியில் ஆறு விதமான தண்ணீர் ஊற்றினாள். ஏழாவதில் வடித்த தண்ணீர். வெறும் தண்ணீர்.

"அதுல என்ன பாப்பா இருக்கு பாக்குறதுக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஒண்ணும் இல்லாதது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான இருக்குறது எப்படி இருக்கும்னு தெரியும்?"

முதலில் அதைத்தான் பெட்டிக்குள் வைத்தாள். டார்ச் அடித்துச் செத்த நேரம் பார்த்துவிட்டு, "ம், இருட்டா இருக்கு" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். இருட்டாக இருந்ததை எழுதிவைத்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கே பெயரை வைத்துவிட்டேன்.

அவள் செய்தது என்னவென்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சாப்பிடுகிற பொருளில் இருந்து ஒளிரும் கரித்துகள் செய்வது. கரி என்றால் அடுப்புக்கரி இல்லை, எங்கள் ஆய்வக மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாத பொடி, நானோ துகள். பழத்தையோ கீரையையோ அரைத்துத் தண்ணீர் விட்டு, எஃகுக் குப்பியில் இறுக்கி மூடி, நூற்றெண்பது டிகிரி அடுப்பில் எட்டு மணி நேரம் வைப்பாள். திறந்தால் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி ஒரு திரவமும் அடியில் கரியும் இருக்கும். கரியை வடிகட்டிவிட்டு, திரவத்தில் நிறையத் தண்ணீர் சேர்த்து டார்ச் அடித்தால் அது ஒளிரும். அந்தத் தண்ணீரில் குரோமியம் மாதிரி உலோகம் கலந்தால் ஒளி மங்கும். எவ்வளவு மங்குகிறது என்பதை வைத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லலாம். இதில் தப்பு இருந்தால் என் தலையில் போடுங்கள், அவள் தலையில் வேண்டாம்.

குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அலைந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் சாணார்பட்டிப் பக்கத்துக்காரி. அப்பா கத்தரியும் தக்காளியும் போடுகிற சம்சாரி. அக்காவைக் கட்டிக்கொடுத்தது தோல் ஆலைகள் இருக்கிற பக்கம். அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் பிள்ளைகளுக்குச் சொறி வந்தது. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினால் காகிதம் வர மாதக்கணக்கில் ஆகும். வந்தாலும் அக்காவுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

"ஊருக்கு ஒரு குப்பி, ஒரு டார்ச். அம்புட்டுத்தாண்ணே. கெணத்துத் தண்ணியச் சொட்டு விட்டா, மங்குதா இல்லையான்னு எங்க அக்காவே பாத்துக்கிரும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் மாதிரி பேசுவாள்.

மற்ற எல்லாவற்றுக்கும் வெறுந்தண்ணிதான். தலை வலித்தால் நேராக மாத்திரை போட மாட்டாள். முதலில் வெந்நீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். "மாத்திரையாலதான் போச்சா, சும்மாவே போயிருக்குமான்னு தெரியணும்ல?" அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டி எங்கள் துறைப் பேராசிரியர், எங்களுக்குக் கைடு சார். அவர் ஒரு நாள் அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நான் சந்தோஷமாக என்ன பாப்பா என்றேன். "இன்னைக்கு சாரு வேற யாரையெல்லாம் பாராட்டுனாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்கண்ணே" என்றாள். விசாரித்தேன். வாட்ச்மேன் உட்பட நாலு பேரைப் பாராட்டியிருந்தார். அவருக்கு அன்று பேரன் பிறந்திருந்தான்.

பழம் வாங்க ஒருமுறை அவளோடு போனேன். சிறுமலை வாழைப்பழம்தான் வேண்டும் என்று மூன்று கடை ஏறி இறங்கினோம். நாலாவது கடையில் பழத்தைத் தராசில் வைக்கப்போனவரைத் தடுத்து, "வெறுந்தட்டக் காட்டுங்கண்ணே" என்றாள். கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏத்தா, இருவது வருசமா யாவாரம் பாக்குறேன்" என்று ஆரம்பித்தார். தட்டைக் காட்டினார். பூஜ்ஜியம்தான் காட்டியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "சரியாத்தாண்ணே இருக்கு. சரியா இருந்தாலும் பாக்கணும்ல" என்று சொல்லிவிட்டுப் பழத்தை வாங்கினாள். அடுத்த முறை போனபோது அந்த மனிதர் எங்களைப் பார்த்ததும் தானாகவே வெறுந்தட்டைக் காட்டினார். அதற்கப்புறம் பழம் அங்கேதான்.

பெண் பார்க்க வந்த கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள். மாப்பிள்ளை நன்றாகப் படித்தவர், பேசத் தெரிந்தவர். நண்பர்களோடு இருந்தால் ரொம்ப ஜாலியான ஆள் என்று தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இவள், "ஃப்ரெண்ட்ஸ் யாரும் இல்லாதப்ப எப்படி இருப்பீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவர் யோசித்திருக்கிறார். பதில் வருவதற்குள் அவருடைய அம்மா எழுந்துவிட்டார். அன்றைக்குக் கேசரி மிச்சம் என்று எனக்கும் ஒரு டப்பா கொண்டுவந்தாள்.

இப்படிப்பட்டவளை ஏமாற்றியது என்னுடைய வேட்டி.

கரியைப் பிரித்தெடுக்க வேகமாகச் சுற்றுகிற மெஷின் ஒன்று எங்களிடம் இருந்தது. அது பழுதாகி, ரிப்பேர் செய்ய அனுமதி கேட்ட கடிதம் ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்துகொண்டிருந்தது. வடிதாளில் நேராக ஊற்றினால் கரி அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கும். நான்தான் யோசனை சொன்னேன். "வீட்ல பதநீ வடிக்கிற மாதிரி வேட்டித் துணியில வடிச்சிரு பாப்பா. அப்புறம் தாள்ல விடு." என்னுடைய பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்து, சுத்தமாக இருக்கவேண்டுமே என்று சலவைத்தூள் தாராளமாகப் போட்டுத் துவைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு முறை அவள் வடித்து முடித்ததும் அதை வாங்கி, தூள் போட்டுக் கரியை எடுத்து, அலசிக் காயப்போடுவேன். அலசுவது ஒரே தண்ணீர். எங்கள் கட்டிடத்தில் குழாய் காலையில் ஒரு மணி நேரம் வந்தால் பெரிய விஷயம். குடுவைகளுக்கு வடித்த தண்ணீர் உண்டு, துணிக்கு யார் கொடுப்பார்கள்?

முதல் தடவை வடித்த வாழைப்பழத் தண்ணீரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அவள் என்னைக் கூப்பிட்டாள். ஓட்டையில் கண்ணை வைத்தேன். நீலமென்றால் அப்படி ஒரு நீலம். எனக்கே உடம்பு சிலிர்த்தது. சிறுமலைப் பழத்துக்குள் இது இருந்ததா என்று கேட்டேன். "பொறுங்கண்ணே" என்று வெறுந்தண்ணியை வைத்துப் பார்த்தாள். இருட்டு. வெறுந்தண்ணியை எஃகுக் குப்பியில் ஊற்றி எட்டு மணி நேரம் அடுப்பில் வைத்து எடுத்துப் பார்த்தாள். அதுவும் இருட்டு. அப்புறம்தான் சிரித்தாள்.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. வெந்த தண்ணீரில் கரி கிடையாது. கரி இல்லாத தண்ணீரை யாராவது வடிகட்டுவார்களா? அதனால் அந்தத் தண்ணீர் என் வேட்டி வழியாகப் போகவே இல்லை.

குரோமியம் விட்டால் நீலம் மங்கியது. அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டாலும் மங்கியது. தன் சொந்த ஊரில் வேறு சில கிணறுகளையும் பார்த்தாள். அவள் தெருவிலேயே ஒரு அத்தையின் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரும் மங்கியது. ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினாள். ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்த அன்று, துறை முழுக்க ஜிலேபி கொடுத்தாள். எனக்கு இரண்டு. அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஜூன் மாதம் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்க வேண்டுமானால் கட்டுரை கையில் இருக்க வேண்டும்.

ஜிலேபி சாப்பிட்ட மறுநாள் மத்தியானம், டார்ச்சில் பேட்டரி மாற்றச் சொல்லியிருந்தாள். ஸ்டோர் ரூமுக்குள் போய் மாற்றி, எரிகிறதா என்று அழுத்திப் பார்த்தேன். ஸ்டோர் ரூமில் வெளிச்சம் கம்மி. டார்ச் ஒளி கொடியில் காய்ந்த வேட்டித் துணிமேல் விழுந்தது. அதே நீலம்.

அவளோடு இருந்து இருந்து எனக்கும் பழக்கம் வந்துவிட்டதே, ஒரு குப்பியில் வெறுந்தண்ணி பிடித்து, துணியின் முனையை அதில் நனைத்துப் பிழிந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீரும் நீலமாக எரிந்தது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சலவைத்தூளைப் பற்றிக் கேட்டேன். "வெள்ளை எடுத்துக் காட்டுறதுக்கு அதுல என்னமோ மருந்து போடுறாய்ங்களாம். அம்புட்டுத் தூளையும் கொட்டி ஒரே தண்ணில அலசுனா அது எங்க போகும்?" என்றாள். அத்தனை வருடம் ஆய்வகத்தில் இருந்த எனக்கு இல்லாத அறிவு.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். பயம். என் யோசனை, என் துணி, என் அலசல். கைடு சாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்ற பயம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம் அதைவிட. பழமும் ஒளிரத்தானே செய்யும், என் தூள் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுத்திருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேட்டித் துணியைக் குப்பையில் போட்டேன். வெளுக்காத காடாத்துணி ஒரு முழம் வாங்கி, தூளே போடாமல் வெந்நீரில் நாலு முறை அலசி, பழைய துணி இருந்த இடத்தில் தொங்கவிட்டேன். துணி பழசாகிவிட்டது, மாற்றினேன் என்றுகூட அவளிடம் சொல்லவில்லை. கரிக்கறை படிந்த துணிக்கும் பழுப்புக் காடாத்துணிக்கும் அவள் வித்தியாசம் பார்க்கவில்லை.

ஆய்வேட்டில் சேர்க்க இன்னும் மூன்று முறை செய்து காட்டச் சொல்லியிருந்தார் கைடு சார். அவள் பழம் வாங்கி அரைத்து அடுப்பில் வைத்து எடுத்து வடித்தாள். பெட்டிக்குள் வைத்தாள். மங்கலாக ஏதோ தெரிந்தது. அந்த நீலம் இல்லை.

மறுபடி செய்தாள். பழம் அதிகம் பழுத்துவிட்டதோ என்று காயாகச் செய்தாள். அடுப்பின் சூடு சரியில்லையோ என்று வேறு துறைக்குப் போய் அவர்களுடைய அடுப்பில் வைத்தாள். தண்ணீரை மாற்றினாள். பழக்கடைக்காரரிடம் போய், பழம் எந்தத் தோட்டத்தில் இருந்து வருகிறது, தோட்டம் மாறியதா என்று விசாரித்தாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பா பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது. ஒரு நாள் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "என் கை ஆகாதுபோலண்ணே. முன்னாடி எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பக்கத்தில் நின்று சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். "நாளைக்கு வரும் பாப்பா" என்றேன். இப்படி மூன்று வாரம்.

மூன்றாவது வாரக் கடைசியில் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, முன்பு செய்தது ஒரு பக்கம், இப்போது செய்வது ஒரு பக்கம் என்று எழுத ஆரம்பித்தாள். பழம், கடை, தண்ணீர், குப்பி, அடுப்பு, டார்ச், பேட்டரி. எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"நான் மாத்துனது எல்லாம் எழுதிட்டேன். நீங்க எதும் மாத்துனீங்களாண்ணே?"

சும்மாதான் கேட்டாள், சந்தேகப்பட்டு இல்லை. "துணி" என்றேன்.

"பழசு எங்க?"

"போட்டுட்டேன். வீட்டுல அதே வேட்டி மிச்சம் இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. தூளும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் நானே அவள் முன்னால் அந்தத் துணியை எப்போதும் போலத் தூள் போட்டு ஒரே தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். வெறுந்தண்ணியை அதன் வழியாக வடித்தாள். இன்னொரு குப்பியில் காடாத்துணி வழியாக வடித்தாள். இரண்டையும் பெட்டியில் வைத்துவிட்டு, ஓட்டையில் கண்ணை வைத்து ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. நோட்டில் எழுதினாள். அதற்கப்புறம்தான் கேட்டாள்.

"நீங்க எப்பண்ணே பாத்தீங்க?"

"ஜிலேபிக்கு மறுநாள்."

கைவிரலை மடக்கி எண்ணினாள். "துணி தப்பு இல்லண்ணே. நானே துணி வழியா வெறுந்தண்ணி விட்டுப் பாத்திருக்கணும், அது என் தப்பு. ஆனா மூணு வாரம் பக்கத்துல நின்னு பாத்துட்டு, நாளைக்கு வரும்னீங்களே."

கைடு சாரிடம் போவாள் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு சாணார்பட்டி பஸ்ஸுக்குப் போனாள். கிணறு கெட்டுவிட்டது என்று அவள் சொன்னதை நம்பி, அந்த அத்தை மாட்டுக்குக்கூட அந்தத் தண்ணீரை வைக்காமல் மாதக்கணக்காக வெளியில் இருந்து குடம் சுமந்துகொண்டிருந்தாராம். அவரிடம், நான் சொன்னது தப்பாக இருக்கலாம் அத்தை, சரியாகப் பார்த்து வந்து சொல்கிறேன் என்று சொல்லத்தான் போயிருக்கிறாள். கைடு சாருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

சார் கெட்டவர் இல்லை. அவள் வேலை போய்விடுமே என்றுதான் அவருக்கும் பதற்றம். கதவு திறந்தே இருந்தது, எனக்குக் கேட்டது.

"குரோமியம் போட்டா மங்குதா இல்லையா?"

"மங்குது சார்."

"உங்க அக்கா கெணறு மங்குச்சுல்ல? அப்புறம் என்னம்மா? எவன் வேட்டியத் தொவச்சுப் பாக்கப்போறான்?"

"குரோமியத் தண்ணி டார்ச் வெளிச்சத்தத் தானே முழுங்கிருது சார். எந்த நீலமா இருந்தாலும் மங்கத்தான் செய்யும். எலை ஊறி மஞ்சளாக் கெடக்குற தண்ணியும் அதையேதான் செய்யும். எங்க அத்தை கெணறு அப்படித்தான் மங்கியிருக்கு. இத ஊருக்கு ஒண்ணு குடுத்தா நல்ல கெணத்தையெல்லாம் கெட்ட கெணறுன்னு சொல்லிக்கிட்டுத் திரிவாங்க."

"ஜூன் மாசம் வேலை போயிரும்."

"தெரியும் சார்" என்றாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினாள். வேலை வேறு ஒருவருக்குப் போனது. அவள் வீட்டில் ரொம்ப நாள் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். சார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. துணி யார் கொடுத்தது என்று அவள் அவரிடம் சொல்லவே இல்லை. 'வடிகட்டும் துணி' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

என்னோடு பேசாமல் இருக்கவில்லை. காலையில் வந்தால் சாப்டீங்களாண்ணே என்பாள். டீ வாங்கிவந்தால் குடிப்பாள். ஆனால் அன்றிலிருந்து அவளுடைய குடுவைகளை அவளே கழுவினாள். என் தொட்டிக்குப் பக்கத்துத் தொட்டியில் நின்று, ஒவ்வொன்றாகக் கழுவி, வடித்த தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைப்பாள். முதல் நாள், "குடு பாப்பா" என்று கை நீட்டினேன். "இருக்கட்டும்ணே" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்கு வலித்தது. திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வேறு ஆட்களின் குடுவையைக் கழுவும்போது பக்கத்துத் தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வாழைப்பழத்தை விட்டுவிட்டு, சின்ன வெங்காயத் தோலில் ஆரம்பித்து, அதுவும் சரிவராமல் முருங்கைக்கீரையில் வந்து நின்றாள். கீரைத் தண்ணீர் ஒளிர்ந்தது. அந்த வேட்டி நீலம் மாதிரி இல்லை. வெளிர்ந்த பச்சை, பெட்டியில் கண்ணை வைத்துக் கொஞ்சம் பழகினால்தான் தெரியும். ஆனால் காடாத்துணி வழியாக விட்டாலும், துணியே இல்லாமல் வடித்தாலும், யாருடைய அடுப்பில் வைத்தாலும் அதே பச்சை. அதற்கப்புறம் அவள் பெட்டிக்குள் வெறுந்தண்ணிக் குப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குப்பியும் நிரந்தரமாக வந்தது. சலவைத்தூள் கரைத்த தண்ணீர். சோதிக்க வேண்டிய கிணற்றுத் தண்ணீரைக் கீரைக் குப்பியிலும் விடுவாள், தூள் குப்பியிலும் விடுவாள். இரண்டும் ஒரே அளவு மங்கினால் தண்ணீரின் நிறம்தான் காரணம். கீரைக் குப்பி மட்டும் கூடுதலாக மங்கினால்தான் உலோகம். அத்தையின் கிணற்றுக்கு இரண்டும் ஒரே மாதிரி மங்கின. அக்கா வீட்டுக் கிணற்றுக்குக் கீரைக் குப்பி தனியாக மங்கியது. பெரிய ஆய்வகத்தில் இருந்து வந்த காகிதமும் அதையே சொன்னது. அக்கா வீட்டில் அந்தக் கிணற்றை விட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீருக்கு மாறினார்கள். பிள்ளைகளுக்குச் சொறி நின்றது. "தண்ணி மாத்துனதாலயா, வெயில் கொறஞ்சதாலயான்னு இன்னும் ஒரு வருசம் பாக்கணும்ணே" என்றாள்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஆய்வேட்டைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரில் இருந்து ஒரு பேராசிரியர் வந்தார். காலையிலேயே அவள் வந்துவிட்டாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள், இஸ்திரி மடிப்புக் கலையாமல் நடக்கத் தெரியவில்லை. வந்தவர், பேச்செல்லாம் அப்புறம் இருக்கட்டும், ஒளிர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது. அரை மணி நேரத்தில் காட்ட வேண்டும்.

நான் தொட்டியில் நின்றிருந்தேன். அவள் ஏழு குப்பிகளை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்துத் தொட்டிக்குப் போவாள் என்று வழிவிட்டு ஒதுங்கினேன். அவள் போகவில்லை. தட்டை என் முன்னால் வைத்தாள்.

"கழுவிக் குடுங்கண்ணே. சேலை நனைஞ்சிரும்."

சேலை நனையும் என்பது சாக்கு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாங்கிக் கழுவினேன். எத்தனை தண்ணீர் அலசினேன் என்று எண்ணவில்லை. ஏழையும் துணியால் துடைக்காமல் கவிழ்த்துவைத்து, ஈரம் வடிந்ததும் தட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்படியே ஊற்றிவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு குப்பியை எடுத்து, அதில் வெறுந்தண்ணி ஊற்றி, பெட்டிக்குள் வைத்து, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள். அடுத்த குப்பி. அடுத்தது. ஏழையும் பார்த்தாள். வெளியே கைடு சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிக் குப்பியை வெளியே எடுக்காமல் அவள் நகர்ந்துகொண்டு, "நீங்களும் பாருங்கண்ணே" என்றாள்.

ஓட்டையில் கண்ணை வைத்தேன். டார்ச் எரிந்துகொண்டிருந்தது. குப்பி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"எப்படி இருக்கு?"

"இருட்டா இருக்கு பாப்பா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.